சிந்தடிக்கா, சாதாவா? ஓசூர் ரோட்டில் தேயும் என்ஜின்கள்

அத்திபெலே டோல்கேட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். வாரம் முழுக்க எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் ஓடிய பைக்குகள் மெக்கானிக் கடை வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிற்கின்றன. அடியில் குந்தியிருக்கும் பையன் ஸ்பேனரை ஒரு திருகு திருகியதும், பாதியாக வெட்டிய ஐந்து லிட்டர் கேனுக்குள் கறுப்பாக ஆயில் இறங்குகிறது. கடைக்காரர் அதில் ஒரு சொட்டைத் தொட்டு, இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து, வண்டிக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.

“பாருங்க சார், கரியாப் போச்சு. இன்னும் ரெண்டாயிரம் ஓட்டியிருந்தீங்கன்னா என்ஜின் வேலை வந்திருக்கும்.”

“அப்போ இந்தத் தடவை ஃபுல் சிந்தடிக்கே போட்டுடலாமாண்ணா?”

“போட்டுடலாம். சாதா நானூறு, அது எண்ணூறு தொள்ளாயிரம் ஆகும். அதைப் போட்டா கவலையே இல்ல, பத்தாயிரம் ஓட்டலாம்.”

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் இந்த எல்லை ஊரில், மூன்று மொழியிலும் இதே பேச்சுதான் நடக்கிறது. சில கிலோமீட்டரில் ஓசூர். அங்கே 1980லிருந்து அசோக் லேலண்ட் லாரி செய்கிறது, அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட் செய்யத் தொடங்கியது. என்ஜின் செய்யும் ஊருக்கு வெளியே என்ஜின் தேயும் ரோடு. ஆனால் மேலே உள்ள உரையாடலில் மூன்று இடங்களில் தப்பு இருக்கிறது: கறுப்பு நிறம் என்ஜின் கெட்டதைக் காட்டவில்லை, ‘ஃபுல் சிந்தடிக்’ என்ற இரண்டு சொல் எதற்கும் உத்தரவாதம் இல்லை, கவலையில்லாத பத்தாயிரம் என்பது இந்த ரோட்டில் நடக்காத காரியம்.

கறுப்பு நல்லது

ஆயிலின் வேலை வழுவழுப்பு மட்டும் இல்லை. எரிபொருள் எரியும்போது கரி உண்டாகிறது. அந்தக் கரி பிஸ்டன் ரிங்கிலும் வால்விலும் ஒட்டிக்கொள்ளாதபடி, பொடிப்பொடியாகத் தனக்குள் மிதக்கவைத்துச் சுமப்பதும் ஆயிலின் வேலை. அதற்காகவே டிடர்ஜென்ட், டிஸ்பர்ஸன்ட் என்று சரக்குகளைக் கலந்திருக்கிறார்கள். சுத்தம் செய்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஓட்டினாலே மை மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்து யாரும் மறுபடி மாற்றுவதில்லை. ஆறு மாதம் ஓட்டியும் தேன் நிறத்திலேயே இருக்கும் ஆயிலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

விரலில் தேய்த்துப் பார்ப்பதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். மணல் மாதிரி நெருடினால், பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால், வெயிலில் பிடிக்கும்போது வெள்ளித்தூள் மினுமினுத்தால், அனுபவமுள்ள கை கண்டுகொள்ளும். ஆனால் என்ஜினைத் தேய்க்கும் துகளில் பெரும்பகுதி விரலுக்கும் கண்ணுக்கும் சிக்காத அளவு. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தின் கனம் சில மைக்ரான்தான்; நம் தலைமுடி ஒன்று எழுபது மைக்ரான் வரும். பத்து, இருபது மைக்ரான் தூசு அந்த இடுக்கில் நுழைவதைக் கட்டை விரல் எப்படி அறியும்?

எது சிந்தடிக்?

அமெரிக்காவில் 1974இல் மொபில் 1 கடைக்கு வந்தபோது சிந்தடிக் ஆயில் என்றால் பி.ஏ.ஓ. என்ற, ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டி எழுப்பிய திரவம். 1990களின் கடைசியில் காஸ்ட்ரால் தன் ‘சின்டெக்’ ஆயிலில் பி.ஏ.ஓ.வை விட்டுவிட்டு, கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜன் செலுத்திக் கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெய்க்கு மாறியது. இதைச் சிந்தடிக் என்று விற்கக் கூடாது என்று மொபில் தரப்பு அங்குள்ள விளம்பரத் தகராறு அமைப்பிடம் போனது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அன்றிலிருந்து உலகச் சந்தையில் சிந்தடிக் என்று விற்பதில் பெரும்பகுதி குரூப் 3தான். ஜெர்மனி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ‘முழு சிந்தடிக்’ என்று போட பி.ஏ.ஓ. அல்லது எஸ்டர் வகை எண்ணெய் வேண்டும்.

குரூப் 3 மட்டம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல சரக்குதான். சூட்டில் சாதா ஆயில் அளவுக்கு இளகாது, சீக்கிரம் ஆவியாகாது, குளிர்ந்த காலையில் கெட்டித்துக் கிடக்காது. தென் கொரிய ஆலைகள் இதில் முன்னணி. கத்தாரின் ராஸ் லஃபானில் ஷெல் நிறுவனம் இயற்கை எரிவாயுவிலிருந்தே இந்தத் தர எண்ணெய் எடுக்கிறது. நம் பக்கத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை பல்லாண்டுகளாகத் தந்துவருவது சாதா வகை, அதாவது குரூப் 1. ‘செமி சிந்தடிக்’ கதைதான் வேடிக்கை. உள்ளே எத்தனை சதவீதம் சிந்தடிக் என்பதைக் கம்பெனி டப்பாவில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பத்தும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம்.

ஆகவே டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் ஒப்பந்தம். பொடி எழுத்தில் நாலைந்து குறிகள் இருக்கும். காசு கொடுப்பது அவற்றுக்கு.

---
பெட்டி: பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 போன்ற எண்கள்: ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குளிர் காலத் தன்மை, பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. 20டபிள்யூ ஆயிலுக்கு ஸ்டார்ட் சோதனை நடத்துவதே மைனஸ் 15 டிகிரியில். பெங்களூரு இதுவரை பதிவு செய்த கடும் குளிர் 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். எனவே நம் ஊரில் எந்த ஆயிலிலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். முன் எண் குறையக் குறைய, காலையில் ஆயில் மேலே ஏறும் வேகம் கூடும், அவ்வளவே.

ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எழுத்துகள்: பெட்ரோலுக்கு ‘எஸ்’ வரிசை. எஸ்.எல். 2001, எஸ்.எம். 2004, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020, எஸ்.க்யூ. 2025. டீசல் லாரிக்கு ‘சி’ வரிசை. சி.ஐ.-4 2002, சி.ஜே.-4 2006, சி.கே.-4 2016 இறுதி.

ஜாசோ: ஜப்பான் தந்த இரு சக்கர வாகனத் தரம். கியர் பைக்குக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி.

---

ஜாசோ விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கியர் பைக்கில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உராய்வு வேண்டும். கார் ஆயிலும் ஸ்கூட்டர் ஆயிலும் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும்படி செய்தவை. கடையில் 900 மில்லி பைக் ஆயில் தீர்ந்துபோய், ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று 800 மில்லி ஸ்கூட்டர் டப்பாவை உடைத்து ஊற்றினால், சூளகிரி ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது என்ஜின் கத்தும், வண்டி நகராது. கிளட்ச் போய்விட்டது என்று புது பிளேட் செட் மாற்றுவார்கள். அந்த ஆயில் உலகின் விலை உயர்ந்த சிந்தடிக்காகக்கூட இருந்திருக்கலாம்.

கிலோமீட்டரை நம்பாதே

‘பத்தாயிரத்துக்கு ஒரு முறை’ என்ற கணக்கு ஓடோமீட்டரைப் பார்த்துச் சொல்வது. என்ஜினுக்கு ரோட்டின் நீளம் தெரியாது, சுற்றிய மணிதான் தெரியும். கிருஷ்ணகிரி, சேலம் என்று தேசிய நெடுஞ்சாலை 44இல் சராசரி 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், பத்தாயிரம் கி.மீ.யை 200 மணி நேரத்தில் முடித்துவிடும். அதே கார் அத்திபெலேயிலிருந்து சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று சராசரி 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 667 மணி நேரம். அதே பத்தாயிரம், அதே ஆயில். உழைப்பு மட்டும் மூன்று மடங்குக்கு மேல்.

சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் பைக்கை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகள் காற்றால் குளிர்பவை. நின்றால் காற்று இல்லை. ஐடிலிங்கில் ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் அழுத்தமும் குறைவு. உள்ளே இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதிலேயே கியர் பற்கள் ஆயிலின் நீள மூலக்கூறுகளைக் கத்தரித்துக்கொண்டே இருக்கின்றன. 20டபிள்யூ-50 என்று ஊற்றியது சில ஆயிரம் கி.மீ.யில் 40க்குரிய கெட்டிக்கு இறங்கிவிடுவது பைக்கில் சகஜம்.

இதனால்தான் கார்க் கையேடுகள் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு தனி அட்டவணை தருகின்றன. தூசு, நெரிசல், குறுகிய பயணம், அதிக பாரம் இருந்தால் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லும் பக்கம் அது. யாரும் புரட்டாத பக்கம். ஓசூர் ரோட்டில் ஓடும் வண்டி ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தில்தான் வாழ்கிறது.

பைக்கில் நிலைமை தலைகீழ். பல 100 சிசி வண்டிகளின் கையேடு 6,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிறது. மெக்கானிக் 2,000 என்பார். அவருக்கு அதில் வருமானம் இருக்கிறது என்பது உண்மை. அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதும் உண்மை. ஒரு நாளில் 100 கி.மீ. சாப்பாடு டெலிவரி ஓட்டும் பையனின் வண்டிக்கு 3,000க்கு ஒரு முறை சாதா ஆயில் மாற்றுவது, 6,000க்கு ஒரு முறை சிந்தடிக் மாற்றுவதைவிடப் பாதுகாப்பு என்பது என் கணக்கு. செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டு முறை டிரெய்ன் போல்ட் திறக்கிறது, இரண்டு முறை உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே போகிறது, இரண்டு முறை யாரோ ஒருவர் ஆயில் அளவைப் பார்க்கிறார்.

அளவு என்றதும் நினைவு வருகிறது. சீஸ் ஆன 100 சிசி என்ஜினைப் பிரித்தால், பெரும்பாலும் குற்றவாளி தப்பான ஆயில் இல்லை, இல்லாத ஆயில். 900 மில்லியில் 300 எரிந்துபோனால் மூன்றில் ஒரு பங்கு காலி. மிச்சம் இருப்பது சூட்டையும் அழுக்கையும் சேர்த்துச் சுமக்கிறது. டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வண்டி சமதளத்தில் நேராக நிற்க வேண்டும், என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழிய வேண்டும். சில வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். கையேட்டில் ஒரு வரி இருக்கும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு ‘ஃபுல்லா இருக்கு’ என்று போகிறவர்கள்தான் அதிகம்.

மெட்ரோ வந்தபின் வந்த நோய்

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் வழித்தடம் திறந்தது. 19.15 கி.மீ., 16 நிலையங்கள். அத்திபெலே, ஆனேக்கல், ஓசூர்க்காரர்கள் பலர் வண்டியைப் பொம்மசந்திரா வரை ஓட்டி, அங்கே நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார்கள். தினம் ஐம்பது கி.மீ. ஓடிய வண்டி இப்போது காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். வண்டிக்கு ஓய்வு கிடைத்தது என்று நினைப்போம். சந்தாபுராவில் வீடு எடுத்திருப்பவருக்கு அது மூன்று நான்கு கி.மீ. பயணம்தான், அதுதான் ஆபத்து.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். குளிர்ந்த என்ஜினில் எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். அரை மணி நேரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கும். ஆயில் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் தயிர் போல வெளுப்பாக ஒட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன், கடைசியாக எப்போது இருபது கி.மீ. தொடர்ந்து ஓட்டினோம் என்று யோசிக்கலாம்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் (ஈ20). அது 78 டிகிரியில் கொதித்துப் போய்விடும், ஆனால் ஆயில் அந்தச் சூட்டை எட்ட வேண்டுமே. எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். குறுகிய ஓட்டத்துக்கும் ஈ20க்கும் சேர்ந்து ஒரே மருந்து, கி.மீ. ஆகாவிட்டாலும் காலக் கணக்கில் ஆயிலை மாற்றுவது. கையேட்டில் ‘அல்லது ஒரு வருடம்’ என்று இருப்பது இதற்குத்தான்.

தேய்மானத்தில் பெரும்பங்கு நடப்பதும் இந்தக் குளிர்ந்த நேரத்தில்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் உலோகத்தை உலோகத்திடமிருந்து காப்பது, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் மெல்லேடு மட்டும்தான். அந்த ஏடு படிவதற்கே சூடும் அழுத்தமும் வேண்டும். செல்ஃப் அடித்த கையோடு ஆக்சிலரேட்டரை உறுமவிட்டு ‘என்ஜினை ஹீட் பண்ணும்’ பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அரை நிமிடம் விட்டு, முதல் இரண்டு கி.மீ. மெதுவாக ஓட்டுவதே போதும். அதற்கு எந்த டப்பாவும் வாங்க வேண்டியதில்லை.

ஜிகணித் தூசு

இந்தப் பகுதிக்கென்று தனி எதிரி ஒன்று உண்டு. ஜிகணியில் கிரானைட் அறுக்கும் பட்டறைகள், ஆனேக்கல், சூளகிரிப் பக்கம் கல்குவாரிகள், அங்கிருந்து எம்-சாண்ட் ஏற்றி வரும் டிப்பர்கள், முடியாத மேம்பால வேலைகள். காற்றில் பறப்பது வெறும் புழுதி இல்லை, பாறைத் தூள்; அதில் இருக்கும் குவார்ட்ஸ் எஃகையே சுரண்டும். ஏர் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் போதும், மூச்சுக்கு மூச்சு அந்தத் தூள் சிலிண்டருக்குள் போகும்.

மெக்கானிக் கடையில் கம்ப்ரஸர் குழாயை வைத்து ஃபில்டரை ‘புஸ்’ என்று ஊதி மறுபடி மாட்டுவதைப் பார்த்திருக்கிறோம். அதிக அழுத்தத்தில் ஊதினால் காகித இழை கிழியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிழிசல் அழுக்கு ஃபில்டரைவிட மோசம். எண்ணூறு ரூபாய் சிந்தடிக் ஊற்றிவிட்டு இருநூறு ரூபாய் ஏர் ஃபில்டரை ஊதி மாட்டுகிறவர் தப்பான இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்.

ரத்தப் பரிசோதனை

என்ஜின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பிரிக்காமலே சொல்ல முடியுமா? முடியும். ரயில்வேக்காரர்கள் இதை வெகு காலமாகச் செய்கிறார்கள். 1940களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே, டீசல் என்ஜின் ஆயிலை நிறமாலைக் கருவியில் எரித்து, அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கத் தொடங்கியது. நம் ரயில்வேயின் டீசல் ஷெட் ஆய்வகங்களிலும் இந்தச் சோதனை வழக்கமானது.

முடிவு பி.பி.எம். கணக்கில் வரும். இரும்பு கூடினால் சிலிண்டர் லைனர், கேம் பக்கம் பார்க்க வேண்டும். அலுமினியம் பிஸ்டன். செம்பும் ஈயமும் பேரிங். சிலிக்கான் ஏறினால் தூசு உள்ளே போகிறது. சிலிக்கானும் அலுமினியமும் இரும்பும் ஒன்றாக ஏறினால் ஏர் ஃபில்டரில் ஓட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சோடியமும் பொட்டாசியமும் தெரிந்தால் கூலன்ட் கசிகிறது. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்திலிருந்து அத்திபெலே வழியாக வடக்கே போகும் பெரிய ஃப்ளீட்டுகளுக்கு, ஆயில் கம்பெனிகளே இந்தச் சோதனையைச் செய்து கொடுப்பதும் உண்டு. பல லட்சம் ரூபாய் என்ஜினுக்கு இது லாபகரமான செலவு.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவிக்குத் தெரிவது ஐந்து, பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள் மட்டும். பேரிங் பெயர்ந்து செதில் செதிலாக விழுந்தால் அறிக்கை சுத்தமாக வரலாம். அதை டிரெய்ன் போல்ட் காந்தத்திலும், வெட்டிப் பிரித்த ஆயில் ஃபில்டரிலும்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. மூன்று முறை தொடர்ந்து எடுத்து, எண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். புது என்ஜினில் இரும்பு அதிகம் இருப்பது இயல்பு. அதனால்தான் முதல் சர்வீஸ் 500, 1,000 கி.மீ.யிலேயே வருகிறது.

பைக்குக்கும் சின்னக் காருக்கும் ஆய்வகம் வரை போகத் தேவையில்லை. கீழே உள்ளவை போதும்.

---
பெட்டி: தேய்ந்துவிட்டதா? வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்

குடிக்கும் அளவு: ஆயிரம் கி.மீ.க்கு எவ்வளவு டாப்-அப் ஆகிறது என்று எழுதி வையுங்கள். சில ஜெர்மன் கார்களின் கையேடே ஆயிரத்துக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்கிறது. அளவைவிட, அது மாதா மாதம் ஏறுகிறதா என்பதே முக்கியம்.

புகை: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலம் கலந்த வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங், போர்.

கம்ப்ரஷன்: பிளக்கைக் கழற்றிக் கேஜ் வைத்து அளப்பது. குறைவாக இருந்தால், சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. இதைச் செய்யாமலே ‘போர் வேலை’ என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

---

போர் வேலை என்றால் லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு ஆயுள். பழைய வார்ப்பிரும்புப் போருக்கு இது சரி. கே.டி.எம். 390, யமஹா ஆர்15 போன்ற வண்டிகளில் அலுமினியச் சிலிண்டரும் சிறப்புப் பூச்சும் கலவையும் வருகின்றன. அவற்றை அப்படிப் போர் அடிக்க முடியாது, கிட்டையே மாற்ற வேண்டும். மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த பில் பெரிய அடி.

லாரிக்குத் தனி நியாயம்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் டீசல் வண்டிகளின் சைலன்சரில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். உட்கார்ந்திருக்கிறது. பிடித்த கரியை அதுவே எரித்துவிடும். ஆனால் ஆயில் எரிந்து விட்டுப்போகும் சாம்பல் எரியாது, அங்கேயே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சி.கே.-4 ஆயிலில் சாம்பல் அளவு ஒரு சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. பழைய சி.ஐ.-4 டின் மலிவாகக் கிடைக்கிறதென்று பி.எஸ்.6 லாரியில் ஊற்றினால் என்ஜின் சத்தமில்லாமல் ஓடும். டி.பி.எஃப். மெல்ல மெல்ல அடைத்து, ஒரு நாள் பவர் குறைந்து, லோடோடு கிருஷ்ணகிரி ஏற்றத்தில் நிற்கும். ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் எங்கே, அந்த ஃபில்டரின் விலை எங்கே!

கார்களிலும் இதே கதை, வேறு உருவில். மாருதியின் பி.எஸ்.6 கே-சீரிஸ் என்ஜின்களுக்கு 0டபிள்யூ-16 என்ற மிக மெல்லிய ஆயிலைக் கம்பெனி சொல்கிறது. இந்தக் கெட்டியில் சாதா ஆயில் கிடையாது, சிந்தடிக் கட்டாயம். ‘தண்ணி மாதிரி இருக்கே, கொஞ்சம் கெட்டியா போடலாம்’ என்று வெளிக் கடையில் 20டபிள்யூ-40 ஊற்றினால் என்ஜின் நாளைக்கே உடையாது. காலையில் ஆயில் மேலே ஏற நேரமாகும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வால்வ் டைமிங் தடுமாறும், மைலேஜ் குறையும். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் அழுத்திப் போகும்போது முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் நோய் ஒன்று அந்த என்ஜின்களுக்கு உண்டு. அதைத் தடுக்கும் சோதனையில் தேறியது எஸ்.பி. தரமும் அதற்குப் பின் வந்ததும். அங்கே சிந்தடிக்குக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பத்து வயது 100 சிசி பைக்குக்குக் கொடுப்பதுதான் பெருமைக்கு.

எந்த ஆயிலானாலும், டப்பாவுக்குள் இருப்பது அதுதானா என்ற கேள்வி தனி. பிராண்டட் காலி டப்பாவுக்குப் பழைய பொருள் கடையில் நல்ல விலை கிடைக்கிறது என்றால், அதை வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று யோசிக்கலாம். ஆயில் ஊற்றியதும் டப்பாவைக் கையோடு கேட்டு வாங்கி, அடியில் ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள். மூடியில் சீல், க்யூ.ஆர். கோடு, பேட்ச் எண் மூன்றையும் பாருங்கள். சந்தை விலையைவிடப் பாதிக்கு யாரும் சிந்தடிக் தர மாட்டார்கள்.

வெட்டிய கேனில் விழுந்தது

அந்தக் கறுத்த ஆயில் எங்கே போகிறது? கடையின் பின்னால் ஒரு டிரம். நிறைந்ததும் லிட்டர் கணக்கில் வாங்கிப் போக ஆள் வருவார். சந்தாபுராவிலிருந்து ஓசூர் வரை எழும்பும் அடுக்குமாடிகளுக்குச் சென்டரிங் பலகை வேண்டும். கான்கிரீட் ஒட்டாமலிருக்க அதில் பூசுவது இந்த வேஸ்ட் ஆயிலைத்தான். மிச்சம் உலைகளில் எரியும், கொஞ்சம் சாக்கடையில் கலக்கும். ஒரு வண்டியில் மாற்றிய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு. அதில் ஈயமும் எரிபொருள் மிச்சமும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கின்றன. சென்டரிங் வேலை செய்கிறவர்கள் அதை வெறும் கையால் துணியில் தொட்டுப் பூசுகிறார்கள்.

இத்தனைக்கும் பழைய ஆயில் குப்பை இல்லை. ஆயிலின் அடிப்படை எண்ணெய் எளிதில் கெடுவதில்லை. சேர்த்த சரக்குகள் தீர்ந்து, அழுக்கு சேர்கிறது. முறையாகச் சுத்திகரித்தால் மறுபடி அடிப்படை எண்ணெய் எடுக்கலாம். மத்திய அரசின் புது விதிப்படி 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் தாம் விற்றதில் ஒரு பங்கைத் திரும்ப மறுசுழற்சிக்குச் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு உயரும். கணக்கு கேட்பது கம்பெனியிடம், சான்றிதழ் கொடுப்பது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை. சர்வீஸ் ரோட்டுக் கடைக்காரர் சனிக்கிழமை முழுக்க இறக்கிச் சேர்ப்பது சின்ன டிரம் ஒன்று. அதற்கு ரொக்கம் எண்ணிக் கொடுப்பவர் மேஸ்திரியின் ஆள். ஆலையின் லாரி அந்தச் சந்துக்குள் வர, கம்பெனி அவரைவிட ஐந்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும்.